யுடு-2 கண்ட கூழ் போன்ற பொருள்

நிலவின் மறுபக்கத்தில் 2019 சூலையில் சீனாவின் யுடு-2 உலாவி ஒரு சிறு பள்ளத்துக்குள் பளபளக்கும் கரும்பச்சைப் பொருளைப் படம்பிடித்தது. சாங்'இ-4 விண்கலம் அவ்வாண்டு சனவரி 3 அன்று வான் கார்மன் பெரும்பள்ளத்தில் தரையிறங்கி இவ்வுலாவியை இறக்கியிருந்தது.

சீன மொழி அறிக்கை அப்பொருளைக் 'கூழ் போன்றது' என்று குறித்ததால், நிலவில் ஏதோ குழைவான பொருள் கிடக்கிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. காற்றே இல்லாத, பகலில் 100 பாகை செல்சியசைத் தாண்டும் இடத்தில் ஈரக் கூழ் எப்படித் தங்கும்? சொல் சுட்டியது தோற்றத்தை மட்டுமே.

உலாவியால் அதைத் தொட்டுப் பார்க்க இயலாது. எனவே அதன்மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை நிறமாலைமானியால் பகுத்தனர். பள்ளத்தில் நிழல் விழுந்ததால் கிடைத்த தரவு அவ்வளவு தெளிவாக இல்லை. 2020இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 52 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் கொண்ட அப்பொருள் ஒரு பாறையே. விண்கல் மோதிய வெப்பத்தில் உருகிய மண் கண்ணாடியாக உறைந்து, உடைந்த கற்துண்டுகளை ஒட்டவைத்திருக்கிறது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த 15466, 70019 எண்ணிட்ட மாதிரிகளும் இதை ஒத்தவை. பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வந்தது.