பூர்வீகம் எந்த ஊர்?

பேரனுக்கு முதல் மொட்டை போடும் பேச்சு எழுந்தபோது, "குலதெய்வம் எந்த ஊர்ல மாமா?" என்று மருமகள் கேட்டாள். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. "திருப்பத்தூர் பக்கம்" என்று அப்பா சொன்னதுண்டு. அதற்குமேல் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் மூன்று தலைமுறையாக வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே நிலைதான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நான் தேடியதில் உதவியது எது, உதவாதது எது என்று அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

பெயரை அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாகிவிடுகிறது, அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, முனுசாமியை வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஊரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் மாவட்டம். பிறகு வட ஆற்காடு. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபின் வேலூர்ப் பக்கம் சேர்ந்தது. 2019இல் தனி மாவட்டமே ஆகிவிட்டது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இப்படித்தான்: சேலம், 1965 முதல் தர்மபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. தாத்தா காலத்துக் காகிதத்தில் உள்ள மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடினால் ஏமாற்றம்தான். லெ பானு எழுதி 1883இல் வந்த சேலம் மாவட்டக் கையேடு 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திருப்பத்தூர் தாலுகா பற்றி அதில் ஓர் அத்தியாயமே படிக்கலாம்.

குடும்பத்தில் யாராவது பட்டாளத்தில் இருந்து உலகப் போர்களில் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தைப் பாருங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் பலரது பெயருடன் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். தேடுவதற்குக் காசில்லை. 'ஃபிபிஸ்' என்னும் சங்கத்தின் தளம் பெரியதுதான். ஆனால் அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும். நமக்கு அங்கே அதிகம் கிடைக்காது.

உறவினர் யாராவது நேட்டாலுக்குக் கூலியாகப் போனதாகக் கேள்விப்பட்டிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்குமேல் அங்கே போனார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், தாலுகா, மச்சம் தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டது. அந்தப் பட்டியல்கள் இன்று இணையத்தில் இருக்கின்றன.

இங்கேதான் ரயில்காரனான எனக்கு ஒரு வருத்தம். கப்பல் ஏறியவனுக்குப் பதிவேடு உண்டு, ரயில் ஏறியவனுக்கு இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் வரை 1864இல் பாதை திறந்தது. தண்டுக்கும், பிறகு தங்கவயலுக்கும் எத்தனை ஆயிரம் பேர் அதில் வந்திருப்பார்கள்! மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் யார் பெயரை எழுதினார்கள்?

ஆனால் வேலைக்குச் சேர்ந்தவன் பெயரை எழுதினார்கள். சர்வீஸ் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் தகப்பன் பெயர், சொந்த ஊர், அங்க அடையாளம், கைரேகை எல்லாம் இருக்கும். எந்த இணையதளத்திலும் கிடைக்காதது அது. அப்பாவின் பெட்டியில் பென்ஷன் காகிதங்களோடு அதன் நகல் கிடைத்தது. ஊர் இருந்த இடத்தில் பாதி கரையான் தின்றிருந்தது. 'பட்டி' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் தப்பித்திருந்தன. எங்கள் பக்கத்தில் எத்தனை பட்டி!

தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா தளத்தில் மாவட்டம், தாலுகாவைத் தேர்ந்தால் கிராமங்களின் பட்டியல் இறங்கும். அதை வைத்து எட்டு ஊர்களைக் குறித்துக்கொண்டேன். நிலம் இருந்த குடும்பத்தார் பழைய பத்திரத்தை எடுத்து வையுங்கள். சர்வே எண் இருந்தால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம். எங்களிடம் பத்திரம் இல்லை. ஆகவே பாட்டி சொன்ன வார்த்தைதான் ஆதாரம்: "ஏரிக்கரை, கரைக்கு மேல பாறை, பாறைமேல அம்மா." செயற்கைக்கோள் வரைபடத்தில் எட்டு ஊரின் ஏரிகளையும் பார்த்தேன். மூன்றில் பாறை இருந்தது. தேர்தல் ஆணையத்தின் 2002, 2005ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் அந்த மூன்று ஊர்களையும் புரட்டியபோது, ஓர் ஊரில் மட்டும் என் கொள்ளுத்தாத்தா பெயரும் தாத்தா பெயரும் மாறி மாறி வந்தன. நம் வழக்கப்படி பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் வந்த லாபம்.

தை மாதம் ஜோலார்பேட்டையில் இறங்கி, வண்டி வைத்துக்கொண்டு அங்கே போனோம். கோயிலில் இருந்த பெரியவர் என் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டதும், "தங்கவயல் போனவங்க வீடா?" என்றார். பேரனுக்கு மொட்டை அங்கேயே போட்டோம்.