அம்மா, இன்சுலின், ஏழு மீட்டர் வண்டி: நியூசிலாந்து கேம்பர்வேன் பயணத்துக்கான திட்டக் குறிப்பு

அடுத்த ஏப்ரல் கடைசியில் நியூசிலாந்தின் தெற்குத் தீவை கேம்பர்வேனில் சுற்றுவதாக வீட்டில் ஒரு யோசனை. நான், மனைவி, ஒன்பது வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. அம்மாவுக்கு சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின், போதாததுக்கு முழங்கால் வலி. விஷயத்தைச் சொன்னதும் அவங்க கேட்ட முதல் கேள்வி இது: "வண்டியிலேயே சமைச்சு வண்டியிலேயே தூங்கறதுக்கு எதுக்குடா பிளேன் ஏறணும்?"

நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீளமாயிடுச்சு. இணையத்தில் கிடைக்கிற பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயது ஜோடிகளுக்கானவை. வயசானவங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று யோசித்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏன் வேன், ஏன் கார் இல்லை?

செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் வேன் மலிவு என்று அடித்துச் சொல்ல முடியாது. வேன் பக்கம் வாடகை, டீசல், சாலைக் கட்டணம், காப்பீடு, முகாம் இடத்துக்கான கட்டணம். கார் பக்கம் கார் வாடகை, பெட்ரோல், மோட்டல் அறை, வெளிச் சாப்பாடு. நாலு பேருக்கு இரண்டும் சில சமயம் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். எனவே பணத்தை வைத்து முடிவெடுக்கவில்லை.

முடிவைத் தந்தது மூன்று விஷயம். ஒன்று, கழிப்பறை கூடவே வரும். தெற்குத் தீவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லாத சாலைகள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு, அடுப்பு கூடவே வரும். ஊசி போட்ட அரை மணியில் சாப்பாடு கிடைக்குமா என்று தவிக்க வேண்டாம். மூன்று, தினம் பெட்டி கட்டிப் பெட்டி பிரிக்கிற வேலை கிடையாது.

பருவம்: பகல் வெளிச்சம்தான் கணக்கு

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. அப்போதுதான் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். நமக்குப் பள்ளி விடுமுறை விடும் ஏப்ரல்–மே அங்கே இலையுதிர் காலம். வாடகை இறங்கும், கூட்டம் குறையும். ஆனால் பகல் சுருங்கிவிடும். மே முதல் வாரத்தில் விடியவே காலை ஏழரை மணி ஆகிறது, மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்குகிறது. மலைச் சாலைகளில் காலை நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்திருக்கும். ஆக, நிம்மதியாக ஓட்டக் கிடைப்பது காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை. மதிய சாப்பாட்டையும் ஓய்வையும் கழித்தால் மிஞ்சுவது மூன்று, மூன்றரை மணி நேரம்.

இந்த மூன்று மணி நேரத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வரைபடத்தைத் திறக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்க்க வேண்டிய இடங்களை எழுதிவிட்டு, அதற்கு நாளைத் தேடுகிறார்கள். திறந்த சாலையில் வேக வரம்பு 100 கி.மீ. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட கனமான வண்டிகளுக்கு 90. ஆனால் வளைவு, ஏற்றம், ஒற்றைவழிப் பாலம் எல்லாம் சேர்ந்து பெரிய வேனுக்கு சராசரி 60, 65 தாண்டாது. மூன்று மணி என்றால் 200 கி.மீ., அவ்வளவுதான்.

போட்ட பாதை

வடக்குத் தீவை முழுசாக விட்டுவிட்டோம். இரண்டு தீவுக்கும் நடுவே வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குப் படகு, சுமார் மூன்றரை மணி நேரம். வேனின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம். எனக்கு ஒரே ஒரு வருத்தம்: வெலிங்டனில் உள்ள டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் தமிழ் எழுத்துப் பொறித்த அந்தப் பழைய கப்பல் மணி இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது, மாவோரி மக்கள் அதை உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மொய்தீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம். அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச் சுமார் பத்து மணி நேரம். பிறகு:

- கிறைஸ்ட்சர்ச்: 2 இரவு, ஹோட்டலில்
- டெகாபோ ஏரி: 225 கி.மீ., 2 இரவு
- அவ்ராகி / குக் மலை: 105 கி.மீ., 1 இரவு
- வனாகா: 210 கி.மீ., 2 இரவு
- டெ அனாவ்: 230 கி.மீ., 3 இரவு
- குயின்ஸ்டவுன்: 170 கி.மீ., 2 இரவு
- மகரோரா: 180 கி.மீ., 1 இரவு
- ஃபாக்ஸ் பனிப்பாறை: 200 கி.மீ., 1 இரவு
- ஹோகிடிகா: 160 கி.மீ., 1 இரவு
- ஆர்தர்ஸ் பாஸ்: 100 கி.மீ., 1 இரவு
- கிறைஸ்ட்சர்ச்: 150 கி.மீ., 1 இரவு

மொத்தம் 17 இரவு, ஏறக்குறைய 1,700 கி.மீ., வண்டி ஓட்டும் நாள் பத்து. வனாகா–டெ அனாவ் மட்டும்தான் கணக்கைக் கொஞ்சம் மீறுகிறது. அதனால்தான் அதற்கு முன்னும் பின்னும் ஓய்வு நாள்.

இரண்டு முடிவுகளுக்குக் காரணம் சொல்லணும். முதல் இரண்டு இரவு ஹோட்டல் எதற்கு? இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து, ஆறரை மணி நேரக் கடிகார மாற்றத்தோடு இறங்கியவன், பழக்கமில்லாத ஏழு மீட்டர் வண்டியைப் பழக்கமில்லாத சாலையில் ஓட்டக்கூடாது. வெளிநாட்டு ஓட்டுநர்களுக்கு அந்த நாட்டில் சொல்லப்படும் முதல் அறிவுரையே இதுதான்.

இரண்டாவது, மில்ஃபோர்ட் சவுண்ட். டெ அனாவிலிருந்து 120 கி.மீ., போய்வர 240. பனிச்சரிவு அபாயமுள்ள பள்ளத்தாக்கு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹோமர் சுரங்கம், மே மாதத்தில் டயர் சங்கிலி தேவைப்படலாம். எங்களில் ஓட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு வேனை டெ அனாவிலேயே நிறுத்திவிட்டுப் பேருந்துச் சுற்றுலாவில் போகிறோம். நானும் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கலாமே!

வண்டி: படுக்கையை எண்ணாதீர்கள்

நாலு பேருக்கு நாலு பெர்த் வேன் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பல நாலு பெர்த் வண்டிகளில் ஒரு படுக்கை ஓட்டுநர் தலைக்கு மேலே, ஏணியில் ஏறும் இடத்தில் இருக்கும். இன்னொன்றைத் தினமும் சாப்பாட்டு மேசையை மடக்கித்தான் போட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் ராத்திரி இரண்டு தடவை எழுந்தால் மேசைப் படுக்கையில் இருப்பவரும் எழ வேண்டும். அதனால் ஆறு பெர்த் வண்டி. பின்பக்கக் கீழ்ப்படுக்கை, கழிப்பறைக்குப் பக்கத்தில், அம்மாவுக்கு. ஏணிக்கு மேல் உள்ளது மகளுக்கு, அவளுக்கு அதுதான் விமானத்தை விடப் பெரிய சந்தோஷம்.

பார்க்க வேண்டிய மற்றவை: எல்லோருக்கும் முன்பக்கம் பார்த்த இருக்கையும் பெல்ட்டும் உண்டா, ஏறும் படி எவ்வளவு உயரம், ஆட்டோமேட்டிக் கியரா. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தனி இருக்கை கட்டாயம்.

பச்சை நிற அட்டை ஒட்டிய 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று நாளுக்கான தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்பதற்கான சான்று அது. 2023-இல் வந்த சட்டத் திருத்தப்படி, வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிப்பறை இல்லாவிட்டால் இந்தச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் அனுமதியற்ற இடத்தில் இரவு தங்கினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர். சான்று இருந்தாலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு ஊராட்சியும் தனித்தனி விதி வைத்திருக்கிறது.

டீசலில் ஒளிந்திருக்கும் கட்டணம்

அங்கே பெட்ரோல் விலையிலேயே சாலை வரி சேர்ந்துவிடும். டீசலில் சேராது. அதற்குப் பதிலாக ஓடிய தூரத்துக்கு 'ரோட் யூசர் சார்ஜ்' தனியாகக் கட்ட வேண்டும். நான் கணக்குப் போட்டபோது 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர். எங்கள் 1,700 கி.மீ.க்கு சுமார் 130 டாலர். கனமான வண்டிக்கு வேறு விகிதம். வாடகை நிறுவனங்கள் பொதுவாக வண்டியைத் திருப்பித் தரும்போது இதை வாங்கும், எனவே முன்பதிவுத் தொகையில் தெரியாது. டீசல் தனி. பெரிய வேன் 100 கி.மீ.க்கு 12 முதல் 15 லிட்டர் வரை குடிக்கும்.

காப்பீட்டில் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள்: கூரைச் சேதம், அடிப்பாகச் சேதம். பல ஒப்பந்தங்களில் இந்த இரண்டும் விலக்கு. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான வண்டிக்குக் கூரைதான் முதலில் அடிபடும். குயின்ஸ்டவுன் பக்கம் உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலைக்கு வாடகை வண்டிக் காப்பீடு செல்லாது.

மின்சாரமும் இன்சுலினும்

எங்களுக்கு முழுத் திட்டமும் நிற்பது இந்த இடத்தில்தான். வேனுக்குள் இரண்டு மின்சாரம். வீட்டு பேட்டரியின் 12 வோல்ட்டில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் ஓடும். மைக்ரோவேவ், சுவர் பிளக் எல்லாம் முகாமில் 230 வோல்ட் இணைப்புக் கொடுத்தால்தான். எனவே ரைஸ் குக்கர் எடுத்துப் போவதில் பயனில்லை. காஸ் அடுப்பில் வைக்கிற சின்ன பிரஷர் குக்கர் போதும்.

வண்டி ஓடும்போது பேட்டரி ஏறும். ஓடாமல் நின்றால் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கும் ஊர்களில் மின் இணைப்புள்ள முகாம் இடம்தான். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் அழகானவை, மலிவானவை. ஆனால் பெரும்பாலும் மின்சாரம் கிடையாது. குக் மலை, மகரோரா இரண்டுக்கு மட்டும் அவற்றை வைத்திருக்கிறேன்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் நாம் பயப்படுவது வெயிலுக்கு. அங்கே பயப்பட வேண்டியது உறைவதற்கு. உறைந்த இன்சுலினை உருக்கித் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. சின்ன ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையலாம். எனவே கதவுப் பக்கம், ஒரு டப்பாவில், கூடவே ஒரு சின்ன வெப்பமானி. பயன்பாட்டில் உள்ள பேனா அம்மாவின் கைப்பையில். ராத்திரி டெகாபோவில் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம் என்பதால் அதை ஓட்டுநர் அறையில் விட்டுவைக்கக்கூடாது. விமானத்தில் எல்லா மருந்தும் கைப்பெட்டியில்தான், சரக்குப் பகுதியில் இல்லை. இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில். டாக்டர் சீட்டு கட்டாயம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மருந்தைக் கொண்டுபோக முடியாது. கிழக்கே பறக்கும்போது அந்த ஒரு நாள் ஆறரை மணி நேரம் குறைகிறது. அன்றைய ஊசி அளவை நாமே கணக்குப் போடக்கூடாது, டாக்டர் எழுதித் தரணும்.

விபத்தில் அடிபட்டால், சுற்றுலா வந்தவருக்கும் சிகிச்சைச் செலவில் உதவ ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் அங்கே உண்டு. ஆனால் நோய்க்கு அது கிடையாது. சர்க்கரை கூடியோ குறைந்தோ ஆஸ்பத்திரி போனால் முழுச் செலவும் நம்முடையது. ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லி, அதையும் சேர்த்துத் தரும் பயணக் காப்பீடுதான் வாங்க வேண்டும்.

விமான நிலையத்தில் ஊறுகாய்

உணவுப் பொருள் எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். காட்டாமல் மாட்டினால் 400 டாலர் அபராதம் அங்கேயே. காட்டினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலை, பழம், தேன் எடுத்தே போகாதீர்கள். மண் ஒட்டிய காலணியையும் கழுவி எடுத்துப் போங்கள். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிறைஸ்ட்சர்ச் கடைகளிலேயே கிடைக்கும்.

சாலையில்

நம்மைப் போல இடதுபக்க ஓட்டம்தான், அது பெரிய நிம்மதி. ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி. ஒற்றைவழிப் பாலத்தில் உங்கள் திசைக்குச் சின்னச் சிவப்பு அம்பு இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். பெரிய வெள்ளை அம்பு என்றால் நீங்கள் முதலில் போகலாம். ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் 700 மீட்டருக்கும் மேல் நீளமான ஒற்றைவழி, நடுவில் ஒதுங்க இடம் உண்டு. பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். ஹாரன் அங்கே திட்டுவதற்குச் சமம்.

எந்த வரிசையில் முடிப்பது?

1. டாக்டரிடம் அம்மாவைக் காட்டி எழுத்தில் சம்மதம்
2. பயணக் காப்பீட்டு விலை
3. விசிட்டர் விசா
4. விமானச் சீட்டு, வண்டி
5. மின் இணைப்புள்ள முகாம் இடங்கள். ஏப்ரல் 25 அன்சாக் தினத்தை ஒட்டிய நாட்கள் முதலில்
6. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, ஓராண்டு செல்லும்

முதல் இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதுதான் இந்த வரிசையின் முக்கியம். டாக்டர் வேண்டாம் என்றால் இதே பாதையைக் காரிலும் மோட்டலிலும் எட்டு நாளாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இரண்டு தாளையும் காட்டினேன். வேன் தாளில் கழிப்பறை எங்கே, படுக்கை எங்கே என்று போட்டிருந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. டாக்டரைப் பார்க்க வருகிற வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கியிருக்கோம்.