ஒளியிற் பிறக்கும் வானொலி அலை

சிற்றலை வானொலியின் முள்ளைத் திருப்பும்போது, அருகருகே அமைந்த இரு நிலையங்கள் ஒன்றின்மேலொன்று விழுந்து நீண்டதொரு சீழ்க்கையை எழுப்புவதை நேயர்கள் கேட்டிருப்பர். அச்சீழ்க்கை இரு நிலையங்களில் எதற்கும் உரியதன்று. அவற்றின் மீடிறன்களுக்கு, அதாவது செக்கனுக்கு அவை அதிரும் தொகைகளுக்கு, இடையேயுள்ள வேறுபாடே அவ்வாறு ஒலிக்கின்றது. ஒளியும் இதற்கு விலக்கன்று.

நியோடிமியம் கலந்த யாக் பளிங்கு 1964இல் முதன்முதலாக லேசராக இயக்கப்பட்டது. அதன் கண்ணுக்குப் புலனாகாத ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 282 இலட்சம் கோடி முறை அதிர்கின்றது. இத்தகைய இரு ஒளிகளை, நூறு கோடி அதிர்வு வேறுபாட்டுடன், ஒளியுணர் கருவியொன்றில் ஒருங்கே வீழ்த்தினால் வானொலி அலைக்குரிய மின்துடிப்புப் பிறக்கும். கலங்கிய நீருக்குள் மறைந்த பொருளைத் தேடுவோர் இத்துடிப்பை நாடுகின்றனர். நீரில் அங்குமிங்கும் சிதறித் திரும்பும் ஒளியில் துடிப்புக் கலைந்துவிடும்; பொருளிற் பட்டு நேரே மீளும் ஒளியிலோ அது கலையாது நிற்கும். ஆயின், அனுப்பும் துடிப்பே தன்போக்கில் அலையுமாயின் எதனைக் கொண்டு எதனைப் பிரித்தறிவது?

இரு தனி லேசர்களைக் கொண்டு இதனைச் செய்வது பெருந்தொல்லை. பத்துச் சதமமீற்றர் நீளமான லேசர்க் கூட்டில், ஆடி மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு அசைந்தாலே மீடிறன் 28 இலட்சம் மாறிவிடும். அருகில் ஒருவர் கதவைச் சாத்துவதே அதற்குப் போதும்.

பிரான்சின் றென் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990களில் இவ்விரு ஒளிகளையும் ஒரே கூட்டிற் பிறப்பித்தனர். அவை அதிரும் தளங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆடி அசைந்தால், ஒரே தோணியில் அமர்ந்த இருவரைப் போல, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். வேறுபாடு மாறுவது பத்து, இருபது அதிர்வு மாத்திரமே.

எனினும் வெப்பம் இவ்வாறு நடுநிலை பேணுவதில்லை. கூட்டினுள் வைத்த பளிங்கு இரு தளங்களுக்கும் வெவ்வேறு ஒளிப்பாதை தருவது; சூடேறும்போது அப்பாதைகள் ஒரேயளவாக மாறுவதில்லை. ஆகவே வேறுபாடு மெல்ல நகரும். இதனைத் தடுக்க, துடிப்பின் சிறு பகுதியைக் குவார்ட்ஸ் அலையாக்கியொன்றன் துடிப்புடன் இடைவிடாது ஒப்பிடுவர். பிழை தோன்றியதும் அதற்கேற்ற மின்னழுத்தம், கூட்டிலுள்ள லிதியம் நயோபேற்றுப் பளிங்கிற்குச் செல்லும். அப்பளிங்கு ஒரு தளத்து ஒளியின் பாதையை மற்றையதினும் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பிழையை நீக்கும்.

இத்தனைக்குப் பின்னும் ஒவ்வோர் ஒளியும் தனித்தனியே இலட்சக்கணக்கில் அலைந்துகொண்டுதான் இருக்கும். இப்பணிக்கு அதனைத் திருத்த வேண்டியதில்லை.