அடுப்பும் ஆராய்ச்சியும்



எரிபொருள் நெருக்கடி என்றவுடன் எண்ணெய்க் கிணறுகளும் அணைக்கட்டுகளும் அணுமின் நிலையங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. வீட்டு மூலையில் புகையும் விறகடுப்பு தோன்றுவதில்லை. அந்த அடுப்பிலிருந்தே உலகப் பிரச்சினைக்கு விடை தேட முற்பட்ட ஓர் ஆராய்ச்சியின் வரலாறு இது.

பெங்களூரில் வாழும் தமிழர் பலரும் இந்திய விஞ்ஞானக் கழகத்தை அறிவர். 1909-இல் தோன்றிய அக்கழகம் 1958-இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதி பெற்றது. அங்கே மின்வேதியியல் பேராசிரியராக விளங்கியவர் அமுல்யகுமார் நாராயண ரெட்டி. கிராமங்களுக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் பொருட்டு, அவரும் தோழர்களும் 1974-இல் 'அஸ்த்ரா' என்னும் பிரிவைத் தொடங்கினர்.

 தும்கூர் மாவட்டத்து உங்கரா வட்டாரக் கிராமங்களுக்குச் சென்று, எந்த வேலைக்கு எந்தச் சக்தி எவ்வளவு செலவாகிறது என்று கணக்கெடுத்தனர். புரா என்னும் சிற்றூரில் செலவான சக்தியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் விறகே. மின்சாரம் ஒரு பங்குகூட இல்லை. மனித உழைப்பிலோ பாதிக்கு மேற்பட்டது பெண்களுடையது. விறகு பொறுக்குவதும், நீர் சுமப்பதும், சமைப்பதும் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாத உழைப்பல்லவா?

பழைய அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு பாத்திரத்தைச் சேராமலே வீணாகிறது. ஆகவே அவர்கள் புதிய அடுப்பு ஒன்றை வகுத்தனர். மூடிய அறையில், இரும்புச் சட்டத்தின்மேல் விறகு எரியும்; தேவையான காற்று மட்டுமே உட்புகும்; தழல் மூன்று பாத்திரங்களின் அடியைத் தழுவிச் செல்லும்; புகை, குழாய் வழியே வெளியேறும். விறகும் மிஞ்சியது, கண்ணெரிச்சலும் குறைந்தது.

புராவில் சாண எரிவாயு நிலையமும் அமைத்தனர். காற்றுப் புகாத தொட்டியில் சாணக் கரைசலை நுண்ணுயிர்கள் செரிக்கும்போது மீத்தேன் மிகுந்த வாயு பிறக்கிறது. அதை வீடுதோறும் சமையலுக்கு வழங்குவதே முதல் நோக்கம். ஆனால் ஊரில் கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை. ஆராய்ச்சியாளர் பிடிவாதம் பிடிக்கவில்லை, ஊராரைக் கேட்டனர். நல்ல குடிநீரே ஊராரின் முதல் வேண்டுகோளாக இருந்தது. 1987 முதல் அவ்வாயு இயந்திரத்தை ஓட்டி, ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் மின்விளக்கையும் தந்தது. செரித்த சாணம் எருவாக உரியவரிடமே திரும்பியது. பிற்காலத்தில் அந்நிலையம் நின்றுபோயிற்று. எனினும், சிற்றூர் ஒன்று தன் மின்சாரத்தைத் தானே ஆண்டு பல நிருவகித்ததை மறுக்க இயலாது.

இந்த அனுபவத்தின் பயன் உங்கராவோடு நின்றுவிடவில்லை. பிரேசில், சுவீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அறிஞர் மூவருடன் ரெட்டி ஆராய்ந்து, 1985-இல் ஒரு முடிவை வெளியிட்டார். சிறந்த கருவிகளைக் கையாண்டால், தலைக்கு ஒரு கிலோவாட் அளவு சக்தியைக் கொண்டே, 1970-களில் மேற்கு ஐரோப்பா எய்தியிருந்த வாழ்க்கை வசதியை ஏழை நாடுகளும் எய்தலாம் என்பதே அம்முடிவு. மக்களுக்கு வேண்டுவது நிலக்கரியோ எண்ணெயோ அன்று. வெந்த சோறும், வெளிச்சமும், தண்ணீருமே என்பது அவர்களுடைய வாதத்தின் உயிர்நாடி.

ரெட்டி 2006-இல் மறைந்தார். எத்தனை மின்நிலையம் கட்டினோம் என்று கேட்பதற்கு முன், யாருடைய சுமை குறைந்தது என்று கேட்க வேண்டும். அவ்வினாவே அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.