குடியிலிருந்து மீள்வோர் கூட்டம்: முதல் நாள் செல்வது எப்படி?

குடியை நிறுத்தச் சிகிச்சை பெற்றவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், அவருடைய மனைவியோ தாயோ பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இனிக் குடிக்க மாட்டார்தானே, டாக்டர்?" மதுவை விடும்போது எழும் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றைக் கடக்க மட்டுமே நாங்கள் உதவியிருக்கிறோம். அதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும். குடிக்க வேண்டும் என்னும் ஏக்கம் அத்தனை விரைவில் அடங்குவதில்லை. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறப்பது, கடிகாரம் பாராமலே அவருக்குத் தெரியும். ஆகவேதான் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே "ஏ.ஏ. கூட்டம்" என்றும் எழுதுகிறோம். பலர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடிநோயால் பாதிக்கப்பட்டவர்கள் தம் அடையாளத்தை வெளியிடாமல் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. 1935ஆம் ஆண்டு, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்றார். சென்ற காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த விடுதியிலேயே மதுக்கூடம் இருந்தது. அங்கே நுழையாமல், தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியுடன் பேச வேண்டுமென்று தொலைபேசி வழியே தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். (இந்நோய் எங்கள் தொழிலாரையும் விடுவதில்லை.) ஸ்மித் சில வாரங்கள் குடியாமல் இருந்து, ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சென்றபோது மீண்டும் குடித்துவிட்டார். திரும்பி வந்து நண்பருடன் மறுபடி அமர்ந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளையே அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கின்றனர். இந்தியாவில் இக்கூட்டங்கள் 1957இல் தொடங்கின.

வெறும் ஆறுதல் பேச்சு என்று இதனை ஒதுக்க வேண்டாம். 27 ஆய்வுகளையும் 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் கணக்கில் கொண்டு 2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, இக்கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, குடியை முற்றிலும் தவிர்ப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பயன் தருவதாகக் கண்டது.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்று தெரியாததே பலரது தயக்கத்துக்குக் காரணம். சுமார் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக நடக்கும். ஒருவர் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பகிர்வார். இடைமறித்துக் கேள்வி கேட்பதில்லை. புதிதாக வந்தவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டணம் கிடையாது; விரும்பியவர் சிறு தொகை இடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே நிபந்தனை. தேவாலயக் கட்டடத்தில் கூட்டம் நடந்தாலும் மத மாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறைவன் என்ற சொல் வரும்; அதற்கு அவரவர் பொருள் கொள்ளலாம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை எங்கள் மனநல ஆலோசகரிடம் கேளுங்கள். அல்லது 14446 என்னும் கட்டணமில்லா அரசு உதவி எண்ணில் விசாரியுங்கள். கறம்பக்குடியில் இருப்போர் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய மூன்று திசைகளிலும் விசாரிப்பது நல்லது. நாளும் இடமும் மாறக்கூடும் என்பதால், பேருந்து ஏறுமுன் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். மாலைக் கூட்டமாயின் திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்றும் கேட்டுவையுங்கள்.

யாரேனும் பார்த்துவிடுவார்களே என்று கணவர் தயங்கியபோது ஓர் அம்மையார் சொன்னார்: "குடித்து விழுந்ததை ஊரே பார்த்தது, திருந்தப் போவதைப் பார்த்தால் என்ன?" நியாயம்தான். ஆயினும் முதல் முறை வெளியூர்க் கூட்டம்தான் எளிது என்றால் அங்கேயே தொடங்கலாம். ஒரு கூட்டம் மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொன்றைப் பாருங்கள். இடையில் குடித்துவிட்டால், வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல் அடுத்த கூட்டத்துக்கே செல்லுங்கள்.

நம் பகுதிக்கு ஆடி, ஆவணி மாதங்கள் சோதனைக் காலம். மொய் விருந்துக்குப் போகாமல் இருக்க முடியாது. போன இடத்தில் பழைய நண்பர்கள் கையைப் பிடித்து இழுப்பர். பகலிலேயே சென்று, மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு, குடும்பத்தாருடன் திரும்பிவிடுவது உத்தமம். அந்த வாரக் கூட்டத்தை மட்டும் தவறவிட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், கூட்டத்துக்குப் போகும் உற்சாகத்தில் தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், அடுத்த ஓரிரு நாளில் கடும் மனக்குழப்பமும் வரக்கூடும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றொன்று, அவருக்குத் தெரியாமல் காப்பியிலோ குழம்பிலோ மருந்து கலந்து கொடுப்பது. டைசல்ஃபிரம் உள்ளிருக்கும்போது அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் செல்லலாம். 1951இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளிகளின் உறவினர்களுக்கானது. கடனுக்கும் அடிக்கும் அஞ்சி வாழ்ந்த மனைவி, தன்னைப் போன்றோருடன் அமர்ந்து பேசுவதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, எந்தக் கூட்டத்துக்குச் சென்றீர்கள், அங்கே எது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். வேறு கூட்டம் பார்த்துத் தருகிறோம்.