சிசுவின் செங்கண்மாரியும் அறுபது நாட் கணக்கும்

நம் தீவகத்திலே பிள்ளை பிறந்த வீடு 31 நாள் துடக்குக் காக்கும் வீடாகும். தாயும் சேயும் வெளியே செல்லாது பேணப்படுவர். தாய்க்குச் சரக்குக் கறி ஆக்குவதும், பிள்ளையை எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதும் அம்மம்மாவின் கடமைகள். இது நல்ல வழக்கே; அதனைக் குறைகூறுவது எம் கருத்தன்று. ஆயினும், அந்த 31 நாளுக்குள் வீட்டாரே முதலிற் கண்டுகொள்ளவேண்டிய அரிய நோயொன்று உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த சிசுக்களுட் பலருக்கு முதல் வாரத்திலே கண்ணும் மேனியும் மஞ்சளிக்கும். இதனையே நாம் செங்கண்மாரி என்கின்றோம். பழைய செங்குருதி அணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சட் பொருளை முற்றாக வெளியேற்றும் வலிமை சிசுவின் ஈரலுக்கு அப்பொழுது இல்லை. ஈரல் வலுப்பெற, பெரும்பாலும் இரண்டு வாரத்துள் மஞ்சள் தானே அகலும். அதன் பின்னரும் நிலைப்பவற்றுட் பல தீங்கற்றவை. தாய்ப்பாலினால் நீடிக்கும் மஞ்சள் அவ்வகையினது.

நாம் கூறவந்த நோய் வேறு. ஈரலிற் சுரக்கும் பித்தநீர் சிறு குழாய்களின் வழியே குடலை அடைதல் இயல்பு. சில சிசுக்களில், பிறப்பை ஒட்டிய காலத்தில், அக்குழாய்கள் அழற்சியுற்றுத் தூர்ந்துவிடுகின்றன. வெளியேற வழியற்ற பித்தநீர் ஈரலிலேயே தேங்கி, அதனை நாளடைவில் வடுப்படுத்தி இறுகச் செய்கின்றது. மேனாடுகளிலே பதினாயிரம் முதல் இருபதினாயிரம் பிறப்புக்கு ஒன்றாகக் காணப்படும் இந்நோய், தாய்வானில் அதனினும் மிகுதி. மருத்துவம் செய்யாவிடின் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இந்நோயின் வஞ்சகம் யாதெனின், குழந்தை தொடக்கத்தில் நோயாளிபோலத் தோன்றாமையே. பால் குடிக்கும், சிரிக்கும், நிறையும் ஏறும். ஆதலின், "இளவெயிலிற் காட்டினாற் போய்விடும்" என்று அயலார் ஆறுதல் கூறுவர். இவ்வகை மஞ்சளை வெயில் தீர்க்காது. உண்மையை உரைப்பது பிள்ளையின் துணியே. மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது பித்தநீராதலின், அது குடலை அடையாதபோது மலம் வெளிறி, வெண்களிமண் போலாகும். நிறமற்றிருக்க வேண்டிய சிறுநீரோ துணியிலே கடும் மஞ்சட் கறை படியச் செய்யும். இவற்றைக் கண்டாலும், மஞ்சள் 14 நாளுக்கு மேல் நீடித்தாலும், தாமதியாது இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும்.

ஜப்பானின் செண்டாய் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் மொரியோ கசாய் என்பார், தூர்ந்த குழாய்களை நீக்கிக் குடலின் ஒரு பகுதியை ஈரலின் வாயிலிலே நேரே பொருத்தும் முறையை வகுத்து, 1959இல் வெளியிட்டார். இன்றும் முதற் சிகிச்சை அதுவே. பிறந்து 60 நாளுக்குள் செய்யப்படின் பலன் மிகும். நாள் ஏற ஏறப் பலன் குன்றும்.

இக்கணக்கை நெடுந்தீவிலே வாழும் ஒரு குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். துடக்குக் கழியும் வரை காத்திருந்தால் 60 நாளிற் பாதி கழிந்துவிடும். பின் குறிகட்டுவானுக்குப் படகு. சோழகம் கடுமையாக வீசினால் அதற்கும் தடை. அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம். மேற்சிகிச்சைக்குக் கொழும்பு செல்ல நேரின் மேலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அரசினர் வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசமே. ஆயினும், தந்தை தொழிலுக்குப் போகாத நாள் வருவாயற்ற நாள். வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் வேண்டும். இவற்றுக்கு மேலாகத் தாயைச் சுடுவது ஊரார் பேச்சு: கருவுற்றிருந்தபோது உண்டது என்பர், கிரகதோஷம் என்பர். இந்நோயின் மூலகாரணம் இன்னும் முற்றாகத் துலங்கவில்லை. ஆனால் தாய் செய்த பிழையால் வருவதன்று. இதனை அத்தாய்க்கு எடுத்துரைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்போம்.

தாய்வான் அரசினர் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையொன்றைச் சிசுக்களின் சுகாதாரப் பதிவேட்டிற் சேர்த்து, 2004 முதல் நாடெங்கும் வழங்கினர். தாய்மார் துணியையும் அட்டையையும் ஒப்பிட்டு நோக்கினர். உரிய காலத்திற் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளின் தொகை உயர்ந்தது. பொறி வேண்டாம், பெரும்பொருளும் வேண்டாம். நோக்கும் கண் ஒன்றே போதும்.

காலந்தாழ்த்தோர்க்கும், முதற் சிகிச்சை பலிக்காதோர்க்கும் ஈரல் மாற்றுச் சிகிச்சை உண்டு. காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய்க்கு இந்நோயே வந்தது. 1998 நவம்பரிலே, இரண்டு வயது நிறையுமுன், டில்லி அப்பலோ வைத்தியசாலையிலே தந்தையின் ஈரலில் ஒரு பகுதி அவருக்குப் பொருத்தப்பட்டது. இந்தியாவிலே சிறுவருக்குச் செய்து வெற்றிகண்ட முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை அதுவாகும். அக்குழந்தை வளர்ந்து இன்று வைத்தியராக விளங்குகின்றார். ஆயினும், அத்தகைய சிகிச்சை எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. 60 நாட் கணக்கே ஏழைக்கும் எட்டும் வழி.

நம் கல்லூரியின் பழைய மாணவர் வைத்தியராகவும், ஆசிரியராகவும், கடல்கடந்து வாழ்வோராகவும் பல்கியுள்ளனர். ஊரிலே பிள்ளை பிறந்த செய்தி கேட்டால், "யாரைப்போல இருக்கிறது?" என்பதோடு, "மலம் என்ன நிறம்?" என்றும் கூச்சமின்றிக் கேளுங்கள். படகேறி வரும் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தங்க ஓர் அறை கொடுங்கள். விழாக்கால மகிழ்ச்சியிலே ஒரு சிசுவின் உயிரும் காக்கப்படுமாயின், கல்லூரி நமக்கு ஊட்டிய கல்வி பயனுடைத்தாகும்.