ஈகையும் கொடையும்

'ஈகை' என்றதும் வழங்கும் கரமே பலர் நினைவுக்கு வரும். ஆனால், இச்சொல்லிலுள்ள 'கை' கரமன்று. 'ஈ' என்னும் வினையடியோடு சேர்ந்த தொழிற்பெயர் விகுதி. 'கொடு' என்பது 'ஐ' விகுதி பெற்றுக் 'கொடை' ஆயிற்று.

இரண்டும் ஒரே பொருளன போலத் தோன்றும். தொல்காப்பியரோ எச்சவியலில் இவற்றை வேறுபடுத்துகிறார். கேட்பவன் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். நேயர்களே, இங்கு அளக்கப்படுவது கொடுப்பவன் பெருமையன்று, கேட்பவன் நிலை.

'கொடு' படர்க்கைக்கு உரிய சொல். ஆகவே உயர்ந்தவன் தனக்கென்று கேட்கும்போதும் தன்னைப் பிறன்போல வைத்தே கேட்கிறான் என்கிறார் தொல்காப்பியர். இரக்கும் நாணத்தைச் சொல் மறைத்துவிடுகிறது. 'ஈ' என்பவனுக்கு அந்த மறைப்பில்லை.

இன்று பேச்சு வழக்கில் 'ஈ' அருகிவிட்டது. கொப்பி வாங்க வழியற்ற தோட்டத்துப் பிள்ளையும் எங்கள் மாத்தளையில் "ஒரு கொப்பி தாங்க சேர்" என்றே கேட்கிறது. இலக்கணப்படி அது ஒத்தவனின் சொல். கேட்பவர் சமமாக நின்று கேட்கையில், கொடுக்கும் நாம் மட்டும் மேலே நின்று கொடுக்கலாமா?